கண்ணாடி ஜாடியில் கோடும் படமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொம்புச்சா (புளிக்கவைத்த தேநீர்) ஊறப்போட 5 லிட்டர் கண்ணாடி ஜாடி வாங்கியிருக்கிறேன். மார்க்கரில் போட்ட லிட்டர் கோடு கழுவக் கழுவ அழிகிறது. கோடுகளையும் ஒரு பனைமரப் படத்தையும் கண்ணாடியை அரிக்கும் எச்சிங் கிரீமால் நிரந்தரமாகப் பொறிக்க முடியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முடியும். முதலில் அளவு. ஸ்கேல் வைத்துச் சமமாகப் பங்கு போடாதீர்கள். ஜாடி அடியிலும் கழுத்தருகிலும் குறுகும். சமதளத்தில் வைத்து, தராசில் 1 கிலோ தண்ணீர் நிறுத்து ஊற்றி, கண் மட்டத்தில் பார்த்து வெளியே டேப் ஒட்டிக் குறியுங்கள். இப்படியே ஒவ்வொரு லிட்டராக. நம்மூர்ச் சூட்டில் கிலோவுக்கு 4 மில்லி போலக் கூடும். கொம்புச்சாவுக்கு அது கணக்கே இல்லை.

வண்டிக்குப் பெயர் வெட்டும் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் படத்தைக் கொடுத்து வினைலில் வெட்டச் சொல்லுங்கள். படம் ஓட்டையாக வேண்டும், சுற்றுப்புறம்தான் ஒட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். சுற்றிலும் 3 செ.மீ. விளிம்பு இருக்கட்டும்.

ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து, வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்பக்கம் வேண்டவே வேண்டாம்: சொரசொரப்பில் அழுக்குத் தங்கும். ஓட்டை ஓரங்களை நகத்தால் அழுத்தி, கிரீமை 3 மி.மீ. கனத்துக்கு அப்புங்கள். பாதி நேரத்தில் பிரஷ்ஷால் ஒருமுறை நகர்த்திவிடுங்கள். பெரும்பாலும் 5 நிமிஷம் போதும். டப்பாவில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி. கூடுதல் நேரம் விட்டால் கோடு ஆழமாகாது. கழுவிய பிறகே ஸ்டிக்கரை உரிக்க வேண்டும்.

இந்தக் கிரீமில் இருப்பது பைஃபுளோரைடு உப்பு. கண்ணாடியை அரிப்பது அதிலிருந்து வரும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். தோலில் பட்டால் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும், ஆபத்தே அதில்தான். நைட்ரைல் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டு, காற்றோட்டமான முற்றத்தில் செய்யுங்கள். பட்டுவிட்டால் 15 நிமிஷம் தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரியில் 'ஃபுளோரைடு' என்று சொல்லிக் காட்டுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் போடுவார்கள். பீங்கான் வாஷ்பேசினில் கழுவினால் அதன் மினுமினுப்புப் போய்விடும். பிளாஸ்டிக் வாளியில் கழுவி, அந்தத் தண்ணீரில் நீற்றிய சுண்ணாம்பைக் கலக்குங்கள். ஃபுளோரைடு கரையாத உப்பாக அடியில் படிந்துவிடும்.

கேள்வி: கழுவும்போது படமே தெரியவில்லை. காய்ந்ததும் தெரிந்தது, ஆனால் திட்டுத்திட்டாக இருக்கிறது. இன்னொரு ஜாடியில் சரியாகப் பிடிக்கவே இல்லை. ஏன்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஈரத்தில் மறைவது இயல்பு. அரித்த இடத்தின் மேடுபள்ளத்தைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாது. எண்ணெய்க் கை பட்டாலும் அப்படித்தான், சோப்பில் சரியாகிவிடும்.

திட்டுக்குக் காரணம் கிரீம் மெலிசாகப் பட்டது, காற்றுக் குமிழ், அல்லது விரல் ரேகை. பெரிய பரப்பை நிரப்பும் படங்களில் இது எப்போதும் பல்லைக் காட்டும். பனையை நிழலாக நிரப்பாமல், ஓலை ஓலையாகக் கோடுகளில் வரையுங்கள். பிடிக்காத ஜாடி, அடுப்புச் சூடு தாங்கும் போரோசிலிகேட்டாக இருக்கலாம். அதில் இந்தக் கிரீம் நன்றாக ஏறாது. சாண்ட் பிளாஸ்டிங் (மணலைப் பீய்ச்சிப் பொறிப்பது) செய்யும் கண்ணாடிக் கடையில் கொடுங்கள்.

கேள்வி: இஞ்சி சோடா ஊற்றி வைக்கும் கிளிப் மூடி பாட்டில்களில் டைமண்ட் பிட் (வைரத்தூள் பதித்த செதுக்கு முனை) வைத்துப் பெயர் செதுக்கலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கூடாது. கேஸ் அழுத்தம் தாங்கும் பாட்டிலில் கீறல் விழுந்தால் இழுவிசை முழுதும் அந்தக் கீறலின் நுனியில் குவியும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது; சித்திரை வெயிலில் புளிப்பு வேகமெடுத்து அழுத்தம் ஏறும்போது வெடிக்கும். கிரீம் மேலோட்டமாகத்தான் அரிக்கும் என்றாலும், அழுத்தப் பாட்டிலில் அதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பெயரைக் கழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கட்டுங்கள்.