வரி 13 சதவீதம் குறைந்ததே, விலை ஏன் அவ்வளவு குறையவில்லை?

கேள்வி: ஷாம்பு, சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. கடையில் விலை 13 சதவீதம் இறங்கவில்லை. கேட்டால் கடைக்காரர் ‘பழைய சரக்கு’ என்கிறார். சில பொருட்களுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி.யும் போடுகிறார். இது சரியா?

பதில்: முதல் கேள்வியில் உங்கள் கணக்கு கொஞ்சம் பிசகியிருக்கிறது. எம்.ஆர்.பி. என்பது வரியையும் சேர்த்த விலை. 118 ரூபாய் ஷாம்பு என்றால் பொருளுக்கு 100, வரி 18. 2025 செப்டம்பர் 22 முதல் அது 105 ஆக வேண்டும். 118-ல் 13 ரூபாய் குறைந்தால் 11 சதவீதம்தான். அந்த 11-ம் குறையாவிட்டால் கேளுங்கள்.

‘பழைய சரக்கு’ என்பது வெறும் சாக்கு. பேக் செய்த தேதி எதுவானாலும், உங்களுக்கு விற்கும் நாளின் வரிவிகிதம்தான் பொருந்தும். பில்லைப் பாருங்கள். அதே 118 வாங்கிக்கொண்டு, வரி போக மதிப்பு 112.38 என்று போட்டிருந்தால், அரசு விட்டுக்கொடுத்த பணம் பொருள் விலைக்குள் போய் ஒளிந்துகொண்டது என்று அர்த்தம். வரிக்குறைப்பை நுகர்வோருக்குத் தர வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதன்கீழ் புதிய புகார் வாங்குவதை 2025 ஏப்ரல் 1-லேயே நிறுத்திவிட்டார்கள். வரியைக் குறைத்தது செப்டம்பரில்! காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் களஞ்சியத்தைத் திறந்த கதை.

எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி. போடுவது அப்பட்டமான சட்டமீறல். ‘50 சதவீதத் தள்ளுபடி, ஜி.எஸ்.டி. தனி’ என்ற துணிக்கடை போர்டும் இதே ரகம்தான். தள்ளுபடி விலைக்கு மேல் வரி போடுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம், ஜி.எஸ்.டி.க்கு முன்பிருந்த வாட் வரிக் காலத்திலேயே சொல்லிவிட்டது. ‘பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் மிச்சம்’ என்பவரிடம் இன்னும் உஷாராக இருங்கள். வரி ஏற்கெனவே எம்.ஆர்.பி.க்குள் இருக்கிறது, உங்களுக்கு ஏதோ கொஞ்சம் கிள்ளிக் கொடுத்துவிட்டு மீதியை அவர் வைத்துக்கொள்வார். பழுதானால் வாரன்டி கேட்கவும் உங்களிடம் தாள் இருக்காது.

அடுத்த பொறி, சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைகள். இவர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் ஒரு பைசா வரி வாங்கக் கூடாது. ‘காம்போசிஷன்’ என்று கடையில் போர்டு வைத்திருக்க வேண்டும், பில்லில் வரிக் கணக்கே இருக்கக் கூடாது. சந்தேகமா? பில்லிலுள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை (தமிழ்நாட்டுக்கு 33-ல் தொடங்கும்) ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதியில் தட்டுங்கள். ரெகுலரா, காம்போசிஷனா, ரத்தானதா என்று வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு, இதில்தான் நிறையப் பேர் வீணாகச் சண்டை போடுகிறார்கள். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.யை விட அதிகம் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே நீங்கள் வாங்குவது பாட்டில் மட்டுமல்ல; மேஜை, பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த சேவை. பஸ் நிலையக் கடைக்காரர் ‘கூலிங் சார்ஜ்’ என்று இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் இந்தத் தீர்ப்பு அவருக்குப் பொருந்தாது. ஓட்டல் பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று வருவது வேறு. அது வரியே அல்ல, கட்டாயமும் இல்லை. பில்லிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

பில்லையும், எம்.ஆர்.பி. தெரியும்படி எடுத்த பாக்கெட் படத்தையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். எம்.ஆர்.பி. மீறலுக்குத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவையும் அணுகலாம். பில் இல்லையென்றால் இரண்டு இடத்திலும் பேச்சு எடுபடுவது கடினம்.