அடுப்பு மேல் சொட்டும் தண்ணீர்
வீட்டு வேலை: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு தகரக் கூரை, உள்ளே பலகை சீலிங். போன சித்திரையில் சமையலறைக்கு சிம்னி மாட்டினோம். வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் இட்லி வேகும்போது அடுப்பு மேல் பழுப்பாகத் தண்ணீர் சொட்டுகிறது. சிம்னி மாட்டியவர் கூரை ஒழுகுகிறது என்கிறார். கூரைக்காரர் ஓர் ஓட்டைகூட இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, உங்கள் மிஷினும் நன்றாக இருக்கிறது, கூரையும் நன்றாக இருக்கிறது. கோளாறு நடுவில் போகிற பைப்பில். நீங்கள் அனுப்பிய போட்டோவில் அலுமினிய மடிப்பு பைப் சீலிங்குக்கு மேலே ஏறி, தகரத்துக்கு அடியில் பத்தடி படுத்துக்கொண்டு போகிறது. மார்கழிக் காலையில் அந்த இடம் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். இட்லி ஆவி அங்கே போனதும் பைப்பின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கலந்து, வந்த வழியே இறங்குகிறது. சொட்டுகிற தண்ணீரை இரண்டு விரலில் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் அது கூரைத் தண்ணீர் இல்லை.

குன்னூரில் என் அக்கா வீட்டுக்கு நான்தான் பைப் போட்டுக் கொடுத்தேன். அப்போது சமவெளியில் செய்கிற மாதிரியே செய்துவிட்டேன். முதல் பனிக்காலத்திலேயே அக்கா கூப்பிட்டு, "தம்பி, சாம்பார்ல சொட்டுதுடா" என்றது. போய்க் கழற்றினால் பைப் நடுவில் வயிறு மாதிரி தொங்கியிருந்தது. அந்தத் தொங்கலில் ஒரு டம்ளருக்குக் குறையாமல் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர். அதிலிருந்து மலை மேல் எந்த வீட்டிலும் மடிப்பு பைப்பைப் படுக்க வைத்து நான் போடுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். படுத்திருக்கிற பத்தடிக்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடில் 6 அங்குலக் குழாய் போடச் சொல்லுங்கள். உள்ளே வழவழப்பாக இருப்பதால் காற்றும் தடையில்லாமல் போகும், பிசுக்கும் அதிகம் ஒட்டாது. குழாய் வெளிப்பக்கமாக, நாலடிக்கு ஓர் அங்குலம் சரிய வேண்டும். அப்போது கோத்த தண்ணீர் அடுப்புக்கு வராமல் வெளியே போய்ச் சொட்டும். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் 19 மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும். அதைக் குழாய் முழுக்கச் சுற்றி, மூட்டுகளில் அலுமினிய டேப் ஒட்டுங்கள். சாதா செல்லோடேப் ஒரு மாதத்தில் உரிந்துவிடும். பலகையில் குழாய் நுழைகிற துளையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, மரம் குழாயைத் தொடாமல் விடுங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கையில் 4 அங்குல பிவிசி இருக்கிறது, அதையே போட்டுவிடலாம் என்று பிளம்பர் சொல்வார். 6 அங்குல வாயை 4 ஆக்கினால் காற்று போகிற வழி பாதிக்கும் கீழே போய்விடும். மோட்டார் கத்தும், புகை போகாது. வளைவும் அப்படித்தான். ஒரே மடக்காக மடக்காமல் இரண்டு அரை வளைவாகத் திருப்பச் சொல்லுங்கள்.

வெளிவாய் எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. கோத்தகிரிக்கு ஆடிக் காற்றைத் தொட்டபெட்டா ஓரளவு தடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குச் சாரல்தான் நேராக அடிக்கும். அந்தப் பக்கம் வாய் வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் கீழ் நோக்கிய மூடியும், தானே சாத்திக்கொள்ளும் தகட்டுக் கதவும் போடுங்கள். (ஊட்டியில் மேற்குப் பக்கச் சரிவில் இருப்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்.)

அப்புறம், சொட்டுவதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. பனிக்காலத்தில் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, பக்கத்து அறையில் கணப்பு மூட்டுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிம்னி பெட்டியில் மணிக்கு 1,000 கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். பத்துக்குப் பத்து சமையலறை என்றால், அந்தக் கணக்குப்படி ஒன்றரை நிமிடத்தில் அறைக் காற்று முழுவதும் வெளியே போய்விடும். அவ்வளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டுமே! ஜன்னல் சாத்தியிருந்தால் கணப்பின் புகைபோக்கி வழியாகத்தான் இழுக்கும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். கேஸ் கீசருக்கும் இதே ஆபத்து உண்டு.

கணப்பு மூட்டாத ஒரு நாளில் சிம்னியை முழு வேகத்தில் ஓட விட்டு, கணப்பு வாயில் ஊதுவத்தி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். புகை மேலே போகாமல் உங்கள் முகத்துக்கு வந்தால் நான் சொன்னது புரியும். அன்றிலிருந்து சிம்னி ஓடும்போதெல்லாம் சமையலறை ஜன்னல் அரை அடி திறந்திருக்கட்டும். குளிரும்தான், பரவாயில்லை. கணப்பு எரியும்போது சிம்னியைப் போடவே வேண்டாம்.

கேள்வி: பழைய காலத்து வீடு. கணப்பின் செங்கல் புகைபோக்கி சும்மா கிடக்கிறது. சிம்னி பைப்பை அதிலேயே விட்டுவிடலாமா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: கூடாது. அதில் பழைய கரி படிந்திருக்கும். அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால், ஒரு பொறி போதும். பழைய வீடுகளில் இரண்டு அறைக் கணப்பு ஒரே புகைபோக்கியில் சேர்வதும் உண்டு. உங்கள் தாளிப்பு படுக்கையறையில் வந்து இறங்கும். சுவரில் தனித் துளை போடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார்.
- வாசகி, ஊட்டி

பதில்: வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடியைக் கழற்றி, அதே அளவுக்கு அலுமினியத் தகடு வெட்டி, நடுவில் 6 அங்குலத் துளை போட்டுப் பொருத்துங்கள். பைப்பை அதில் மாட்டி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வெளிப்பக்கம் கம்பிக் கூண்டு ஒன்றும் வேண்டும், குரங்கு பைப்பைப் பிடித்து இழுத்துவிடும். கழற்றிய கண்ணாடியைப் பேப்பரில் சுற்றிப் பத்திரமாக வைத்திருங்கள், காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுக்கலாம்.