ஐந்தேகால் மணியை ஏன் அடித்துவிட்டீர்கள்?

கேள்வி: எனக்கு 34 வயது. மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தேன். திருமணத்துக்குப் பிறகு டோம்பிவிலி. ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் வேலை. ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் கதை எழுதுவேன். இதுவரை 9 கதைகள் நோட்டில் இருக்கின்றன. ஒன்றைக்கூட யாருக்கும் காட்டியதில்லை. முதல் கதையின் தொடக்கத்தை மட்டும் 11 முறை மாற்றிவிட்டேன். மாநகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரைதான் தமிழில் படித்தேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று இன்னும் தடுமாறுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படித்தால் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. அம்மா படித்தால் என்ன நினைப்பாரோ என்பது வேறு. ஒரு குறையும் இல்லாமல் எழுதி முடித்த பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புவது என்று இருக்கிறேன். அந்த நாள் வருமா? தொடக்கத்தின் முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, டோம்பிவிலி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நல்லவேளை, இரண்டு வடிவங்களையும் அனுப்பினீர்கள். கடிதத்தை மட்டும் அனுப்பியிருந்தால் தைரியமாக இருங்கள் என்று நாலு வரி எழுதியிருப்பேன். அது உங்களுக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது.

நீங்கள் முதலில் எழுதியது இது: "எங்கள் சந்தில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். ஐந்தேகாலுக்கு அப்பா, அதுவரை பேசாமல் இருந்த அம்மாவிடம், 'நீலக் குடத்தைக் கொடு' என்பார். அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்."

பதினோராவது முறை மாற்றி எழுதியது இது: "விடியலின் மௌனம் வெற்றுக் குடங்களின் ஓசையில் சிதறிக்கொண்டிருந்த அந்த வேளையில், இரு மனங்களுக்கிடையே நீண்டு கிடந்த வறட்சியை எந்த நீராலும் நனைக்க இயலவில்லை."

இரண்டாவதில் ஒற்றுப்பிழை இல்லை. ஆனால் அங்கே ஓர் ஆளும் இல்லை. அப்பாவைக் காணோம், அம்மாவைக் காணோம், சந்து போய்விட்டது, நீலக் குடம் வெறும் குடங்களாகிவிட்டது. ஐந்தேகால் மணியை அடித்துவிட்டு 'அந்த வேளை' என்று போட்டிருக்கிறீர்கள். முதல் வடிவத்தைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஒரே குழாயடியில் நிற்கிறார்கள். நாள் முழுதுக்கும் சேர்த்து ஒரு குடத்தைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் 'வறட்சி' என்று எழுத என்ன இருக்கிறது?

இந்த 11 முறையும் நீங்கள் செய்தது திருத்தம் அல்ல, மறைப்பு. யாரும் கை நீட்டிக் குறை சொல்ல முடியாதபடி, இது எந்த வீடு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி, ஒவ்வொரு முறையும் ஒரு போர்வையை எடுத்து மேலே போட்டிருக்கிறீர்கள். திருத்தம் என்றால் கதை இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். உங்கள் கதை தெரியாமலே போய்விட்டது.

எழுத்துப் பிழைகளைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். ஒற்றுப் போடத் தெரிந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை அது. பத்திரிகை அலுவலகங்களில் மெய்ப்புப் பார்ப்பதே அதற்குத்தான். எவ்வளவு பெரிய இலக்கணப் புலவராலும் உங்கள் கதைக்குள் அந்த நீலக் குடத்தைக் கொண்டுவந்து வைக்க முடியாது. ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள் என்கிறீர்கள். நாஞ்சில் நாடன் மும்பையில் வேலை பார்த்துக்கொண்டுதான் எழுத வந்தார். 1977இல் அவருடைய முதல் நாவல் வெளியானது. தன் மண்ணின் சொற்களை அவர் கூச்சப்பட்டு ஒதுக்கவில்லை. உங்கள் மண் தாராவி. 'கோலி' (அறை), 'சால்' (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள குடியிருப்பு), 'டப்பா' எல்லாம் அங்கே தமிழர் வாயில் தமிழாகவே புழங்குகிற சொற்கள். அவற்றைத் துடைத்தெடுத்துவிட்டு எழுதினால் உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாது.

இப்போது என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் நான் குடியிருந்த கட்டடத்தில் ஒரு பாட்டி இருந்தார். இளவயதில் கணவரை இழந்து, கைமுறுக்குச் சுற்றி விற்றே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் வாழ்க்கையைக் கதையாக எழுதினேன். எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லியும் விட்டேன். பார்க்கும்போதெல்லாம், "என் கதை வந்துடுத்தா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது பாட்டி" என்பேன். அந்தக் கொஞ்சம் மூன்று ஆண்டுகள் ஆனது. கதை அச்சில் வந்தபோது பாட்டி இல்லை. இதைச் சொல்லி உங்களை அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா இருக்கிறார்.

நான் மூன்று ஆண்டுகள் இழைத்து இழைத்துச் சரிசெய்த இடங்களைப் பற்றி ஒரு வாசகர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. முலுண்டிலிருந்து ஒருவர் மட்டும் அஞ்சலட்டை போட்டிருந்தார். பாட்டி மாட்டுங்கா ஸ்டேஷனில் சர்ச்கேட் வண்டி ஏறுவதாக எழுதியிருந்தேன். மாட்டுங்கா மத்திய ரயில்வேயில் இருக்கிறது, சர்ச்கேட் வண்டி ஓடுவதோ மேற்கு ரயில்வேயில். சர்ச்கேட் போக வேண்டுமானால் மேற்கே நடந்து மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். இரண்டு ஸ்டேஷனிலும் தினம் ஏறி இறங்கியவள் நான். முப்பது தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை. எழுதியவள் கண்ணுக்குத் தான் எழுத நினைத்ததுதான் தெரியும். தாளில் இருப்பதைப் பார்க்க வேறு ஒரு கண் வேண்டும். அந்தக் கதை பின்னர் தொகுப்பில் வந்தபோது பாட்டியை மாட்டுங்கா ரோட்டுக்கு நடக்க வைத்தேன்.

வெளியிட்டுவிட்டால் அதன்பிறகு கையே வைக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதோடு அவர் நிறுத்தவில்லை. பிறகு கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டு, 20 ஆண்டுகள் கழித்து 1907இல் திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பும், 1922இல் மூன்றாம் பதிப்பும் கொண்டுவந்தார். எல்லாச் சந்தேகமும் தீரட்டும் என்று காத்திருந்தால் 1887இல் அந்தப் புத்தகம் யார் கைக்குப் போயிருக்கும்?

நம் பழைய புலவர்களுக்கு அரங்கேற்றம் என்று ஒன்று இருந்தது. கேட்பவர்கள் எதிரே உட்கார்ந்து தடுப்பார்கள், கேள்வி கேட்பார்கள், புலவர் விடை சொல்வார். அவையடக்கம் பாடிவிட்டுத்தான் அவை ஏறுவார்கள். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட கம்பர், சொன்ன பிறகு பாடாமல் வீட்டுக்குப் போய்விடவில்லை. அச்சம் இருப்பதில் தவறே இல்லை. அச்சத்துக்கு நாலு வரி கொடுங்கள், பதினோரு வடிவங்களைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து அம்மா. 'அது வேறு' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கென்னவோ அதுதான் முதல் காரணம் என்று படுகிறது. பெற்றவர்கள் பேசிக்கொள்ளாத ஒரு வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை வெளியே சொல்லத் தயக்கம் வருவது இயல்பு. ஆனால் அந்தத் தயக்கத்தைப் பன்னிரண்டாவது திருத்தம் தீர்க்காது. அம்மாவிடம்தான் பேச வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போங்கள். நோட்டைக் கையில் கொடுக்காமல் நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் இந்தக் கதையை எடுத்து வைத்துவிட்டு, மற்ற எட்டில் ஒன்றை அனுப்புங்கள். உயிரோடிருப்பவர்களின் வலி நம் கதையைவிடப் பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்காமலே அவருக்காக நீங்கள் மறுத்துவிடாதீர்கள்.

வாய்விட்டு வாசிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. பொய்யான வரியில் நாக்கு தடுக்கும். 'வறட்சியை எந்த நீராலும் நனைக்க இயலவில்லை' என்று அம்மா முகத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது, சொல்லிப் பாருங்கள்.

ரயிலில் எழுதுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எதையும் அடிக்காதீர்கள். திருத்துவதெல்லாம் வீட்டில், வாரத்துக்கு ஒரு நாள். போன வாரம் எடுத்த சொல்லை இந்த வாரம் திரும்பப் போடுகிறீர்கள் என்றால் கதை முடிந்துவிட்டது, உறைக்குள் வைக்கலாம். அதற்கு முன் ஒரே ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் சயானில் பம்பாய்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நீங்கள் வளர்ந்த இடத்துக்குப் பக்கம்தான். "நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் கவனம் விட்டுப் போனது, எது புரியவில்லை என்று கேளுங்கள்.

கதையை முதல் வடிவத்திலிருந்தே தொடருங்கள். நீங்கள் அனுப்பியது மூன்று வரிதான். அதற்கு முந்தைய இரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் நான்கு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் அனுப்புங்கள்.