எதை நிரந்தரமாக வைப்பது என்று முடிவு செய்வதும் ஒரு வேலைதான்

அம்மா, பி.காம் முடித்த பெண் ஆவண மேலாண்மை படிக்கிறேன் என்கிறாளே, தூசி தட்டவா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தோம் என்று கேட்டிருந்தீர்கள். தூசி இருக்கும்தான். ஆனால் சம்பளம் கொடுப்பது அதற்காக இல்லை. எந்தக் காகிதத்தை எத்தனை வருஷம் வைக்கணும், எதை ஒருபோதும் அழிக்கக் கூடாது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒரு கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்தால் போதும், ஆனால் உறுப்பினர் (பங்குதாரர்) பதிவேட்டையும், அவர்களுடைய பொதுக்கூட்டங்களில் நடந்ததை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகத்தையும் நிரந்தரமாக வைத்தாக வேண்டும். சரி, வாடகை ஒப்பந்தம்? இங்கேதான் பலர் சறுக்குவார்கள். எப்போது அழிக்கலாம் என்று புரியாமல் ‘நிரந்தரம்’ என்று எழுதிவிடுவார்கள். அதற்கும் கெடு உண்டு; ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், வழக்குத் தொடரச் சட்டம் தரும் கால வரம்பையும் பார்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். பயத்தில் எல்லாவற்றையும் நிரந்தரமாக்கினால் அறை நிரம்பும், தேவையான கோப்பு மட்டும் கிடைக்காது.

அரசு வேலைக்குப் போனாலும் இதே கதைதான். தமிழ்நாட்டு வருவாய்த் துறை அலுவலகங்களில் முடிந்த கோப்பை (‘டிஸ்’ என்பது டிஸ்போசல், அதாவது கோப்பை முடித்தல் என்பதன் சுருக்கம்) எல்.டிஸ் என்றால் ஓராண்டு, கே.டிஸ் மூன்றாண்டு, டி.டிஸ் பத்தாண்டு, ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம் என்று பிரித்து வைப்பது பழைய வழக்கம். மத்திய அரசிலோ 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் ஒவ்வொரு அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்கச் சொல்கிறது, 25 ஆண்டு கடந்த ஆவணத்தை நினைத்தபடி அழிக்கவும் விடுவதில்லை.

அதனால் பி.காம் வீண் என்று நினைக்காதீர்கள், கணக்கும் கம்பெனிச் சட்டமும் தெரிந்தவளுக்கு இதில் பாதி வழி ஏற்கெனவே தெரியும். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது. அதற்கான கல்வித் தகுதியை இப்போதே பார்த்து வைக்கட்டும். அப்புறம், தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் எதிலாவது உட்கார்ந்து அங்கிருக்கும் ஆவண வகைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கெடு எந்த நாளில் தொடங்குகிறது, எத்தனை ஆண்டு, எந்தச் சட்டப்படி என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘நிரந்தரம்’ என்று போடும் இடத்தில் எல்லாம் காரணத்தை ஒரு வரியில் எழுதணும், கணினிக் கோப்பு என்றால் மென்பொருள் மாறும்போது அதைப் புது வடிவத்துக்கு மாற்றுவது யார் பொறுப்பு என்பதையும் சேர்க்கணும். நேர்காணலுக்குப் போகும்போது அந்தப் பட்டியலைக் கையோடு எடுத்துப் போகட்டும்.