கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இன்றே காட்டுங்கள்

வணக்கம். குடியாத்தம் பக்கம் நெல் அறுக்கையில் தாள் பட்டுத் தங்கள் தாயாரின் கண் மூன்று நாளாகச் சிவந்திருப்பதாகவும், கருவிழியில் நொய்யரிசி அளவுக்கு வெள்ளை தெரிவதாகவும், மருந்துக்கடையில் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் வலி குறைந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வலி குறைந்ததைக் குணம் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். ஸ்டீராய்டு சிவப்பை அடக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. அது பரவவே வழிவிடும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாவாக இருந்தால் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துத் துளையாக்கிவிடக்கூடும்.

அந்த ஸ்டீராய்டு மருந்தை இப்போதே நிறுத்திவிட்டு, அதன் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு, வேலூர் ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ இன்றே அழைத்துச் செல்லுங்கள். கண்ணை மரத்துப்போகச் செய்து, வெள்ளையாகத் தெரியும் அந்தப் புண்ணைச் சிறிது சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பயிர்த்தாள் பட்ட கண்ணில் பூஞ்சையும் வருமாதலால் இச்சோதனை மிக அவசியம். பாக்டீரியாவுக்கான மாக்சிஃப்ளாக்சசின் பூஞ்சைக்கு உதவாது, அதற்கு நாட்டாமைசின் வேண்டும். தொடக்கத்தில் இரவிலும் மணிக்கொருமுறை சொட்டு விட வேண்டியிருக்கும். என் அத்தைக்காக நாங்கள் அலாரம் வைத்து, முறை போட்டு விழித்திருந்தோம். மருத்துவரிடம் காட்டும்வரை தாய்ப்பால், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். கட்டுப் போடவும் வேண்டாம்.