மூடி வைத்துவிட்டுப் படி

பொதுத்தேர்வு நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படிப்பைப் பற்றித்தான். மூன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர், பிளஸ் டூ படிக்கிறேன். வேதியியல் பாடத்தை நாலைந்து தடவை வாசிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. பரீட்சை ஹாலில் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. எனக்கு ஞாபக சக்தி இல்லையா? அம்மா பீடி சுற்றுகிறாள். நானும் ராத்திரி கூடமாட வேலை பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்காருவேன்.
– மாணவி, முக்கூடல்

உன் ஞாபக சக்திக்கு ஒரு குறையும் இல்லைம்மா. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. பழகியதை எல்லாம் தெரிந்ததாக மனசு எடுத்துக்கொள்கிறது. பரீட்சையில் புத்தகம் முன்னால் இருக்காது, உள்ளே இருப்பதை நீதான் வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலையை வீட்டில் பழகவே இல்லையே! அம்மா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உனக்குப் பீடி சுற்ற வந்திருக்குமா? இலையைக் கையில் வாங்கிய பிறகுதானே வந்தது?

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு சுற்று வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். உனக்குப் பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை, மாதக்கணக்கில் கழித்து வருகிறது.

அதனால் நாளைக்கு இப்படிச் செய். கான்னிசரோ வினையை ஒரு தடவை நிதானமாக வாசி. புத்தகத்தை மூடு. வெள்ளைத்தாளில் எழுது: ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடு, பென்சால்டிஹைடு, கூடவே அடர் சோடியம் ஹைட்ராக்சைடு. விளைவது பென்சைல் ஆல்கஹால், அப்புறம்... இரண்டாவது பொருளில் அநேகமாகத் தடுக்கும். உடனே புத்தகத்தைத் திறக்காதே. கொஞ்ச நேரம் முட்டி மோதிப் பார். பிறகு திறந்தால் சோடியம் பென்சோயேட் என்று இருக்கும். அப்படி முட்டிய பிறகு பார்த்த பெயர் லேசில் மறக்காது. இந்த முறையில் ஒரு பக்கம் முடிக்க அதிக நேரம் ஆகும், ஒன்றுமே தெரியாதது போலவும் தோன்றும். அதற்குப் பயந்து பழையபடி வாசிக்கப் போய்விடாதே.

அதே பாடத்தை மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் விட்டு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை பார்க்காமல் எழுது. மறதி முதல் நாளிலேயே வேகமாக வேலை செய்கிறது என்று எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-லேயே எழுதிவிட்டார். அது எல்லாருக்கும் உள்ளதுதான்.

ராத்திரி வேலை பார்க்கும் நேரத்தையும் வீணாக நினைக்காதே. கை பாட்டுக்கு நூலைக் கட்டட்டும், நீ பாடத்தை அம்மாவுக்கு வாய்விட்டுச் சொல். அம்மாவுக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை. நீ திக்கினால் சுளகிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள் அல்லவா, அந்த இடத்தைக் குறித்துக்கொள், காலையில் அதை முதலில் படி. பதினொரு மணிக்குப் படுத்துவிடு. படித்தது மனசில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

என் மகன் அரையாண்டில் இரண்டு பாடத்தில் ஃபெயில். அவன் அப்பா சொந்தக்காரர்கள் முன்னால் வைத்துத் திட்டிவிட்டார். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறான். கோபத்தில் சும்மா சொல்கிறானா?
– ஒரு தாய், களக்காடு

சும்மா என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அப்படி ஆவதில்லை. என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். வாழைக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் இப்போதே வெளியே கொண்டுபோய்ப் பூட்டி வையுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள்.

14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சலுக்குப் போவதில் வெட்கம் இல்லையே, இதிலும் வேண்டாம்.

அவன் அப்பாவுக்கு ஒரு வார்த்தை: சொந்தக்காரர்கள் முன்னால் திட்டியது நீங்கள், அவர்கள் முன்னாலேயே அவன் தோளில் கை போடுங்கள் ஐயா. பொதுத்தேர்வில் ஒரு பாடம் போனால்கூட அந்த வருஷமே துணைத்தேர்வு எழுதி, கல்லூரியிலும் சேரலாம். பையன் முதலில் சாப்பிடட்டும், தூங்கட்டும். படிப்பைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் எனக்குப் பரீட்சை. வீட்டில் எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போகிறார்கள். நான் மட்டும் வீட்டில் இருந்து படிக்கவா?
– மாணவன், அம்பாசமுத்திரம்

போய்வா தம்பி. காலையில் கிளம்பி, சாமி கும்பிட்டு, பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடு. ராத்திரி அங்கே தங்க வேண்டாம், பாட்டி வற்புறுத்தினாலும் சரி. அன்றைக்குப் புதுப்பாடம் எதையும் தொடாதே, எழுதிப் பார்த்ததில் தப்பு விழுந்த இடங்களை மட்டும் பார். ஹால் டிக்கெட், இரண்டு பேனாவை சாயங்காலமே எடுத்து வை. ஹாலில் கேள்வித்தாள் வாசிக்க என்று தனியாகப் பத்து நிமிஷம் தருகிறார்கள். எதை முதலில் எழுதுவது என்று அதிலேயே முடிவு பண்ணிக்கொள், நன்றாகத் தெரிந்ததில் தொடங்கு.