சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பழவந்தாங்கலில் குடியிருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ விமானம் மாறும் உறவினர்களை அழைத்துக்கொண்டு போய் ஊரைக் காட்டி, நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

காலை 7 மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து இறங்குகிறேன். மதுரை விமானம் பிற்பகல் 3 மணிக்கு. மெரினாவுக்குப் போய் வரலாமா?

கையில் எட்டு மணி நேரம் இருப்பதாக நினைக்காதீர்கள், சகோதரி. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 1 மணி நேரத்துக்கு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதாவது 2 மணிக்கு. வரிசைக்கும் பதற்றமில்லாமல் இருப்பதற்கும் சேர்த்து, 1 மணிக்கே நீங்கள் நிலையத்தில் இருக்க வேண்டும். காலையில் குடியேற்றப் பரிசோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய எட்டரை ஆகிவிடும். மதுரை வரைக்கும் ஒரே டிக்கெட் என்றாலும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொதுவாக இங்கேயே பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். மிஞ்சுவது நாலரை மணி நேரம்.

அதற்குள் மெரினா போய்வர முடியும். ஆனால் மெரினா விடியற்காலைக்கும் மாலைக்கும் உரிய இடம். பத்து மணிக்கு மேல் மணல் காலைச் சுடும், நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. என்னைக் கேட்டால் பரங்கிமலைக்குப் போங்கள்.

பரங்கிமலையா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

இதைக் கேட்டதற்கு நன்றி. விமான நிலையத்தின் வாசலிலேயே இருக்கும் இந்த இடத்தை விட்டுவிட்டு எல்லோரும் பல கிலோமீட்டர் நெரிசலில் ஓடுகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

மலை 300 அடி உயரம்தான். ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த படிகளில் நிதானமாக ஏறலாம், முடியாதவர்களுக்குக் கார் போகும் பாதையும் உண்டு. உச்சியில் போர்த்துகீசியர் 1523இல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவையை அருகில் நின்று பாருங்கள். மேலே ஒரு புறா, சுற்றிலும் வளைவாகப் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள். 1547இல் அந்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்தது என்பார்கள்.

வெளியே வந்தால் வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை. 1802 ஏப்ரலில் இந்த மலையடிவாரச் சமவெளியில் 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை அவர் அளந்தார். அதற்கு 57 நாட்கள் ஆயின. அந்த நேர்க்கோட்டை அடித்தளமாக வைத்து முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போன அதே நில அளவைதான் பிற்பாடு எவரெஸ்டின் உயரத்தையும் கணக்கிட்டது. சிலைக்குப் பக்கத்தில் விமான நிலையத்தின் திசையைப் பார்த்து நின்றால் கீழே ஓடுதளம் முழுவதும் தெரியும். ஒரு விமானம் சின்னதாகத் திரும்பி, ஓடி, உங்கள் கண்மட்டத்துக்கு எழும்பி வரும். என் அக்கா பேரன் அங்கிருந்து இறங்க மறுத்து அழுதான்.

போகும் வழி எளிது. விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் ரயில் நிலையத்திலிருந்து, சென்னைக் கடற்கரை நிலையம் செல்லும் மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம் பரங்கிமலை. அங்கிருந்து ஆட்டோ.

பெரிய பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. என்ன செய்வது?

சுங்கம் முடிந்ததும் உங்கள் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் முன்கூட்டியே எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். முடியாது என்றால் பெட்டியோடு ஊர் சுற்ற வேண்டாம். வாகன நிறுத்த வளாகத்தில் கடைகளும் திரையரங்கும் இருக்கின்றன. இரவு ரயிலில் ஊருக்குப் போகிறவர்களானால் எழும்பூர் நிலையப் பொருள் பாதுகாப்பு அறையில் வைக்கலாம். ரயில் டிக்கெட் வேண்டும், பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. காலையில் 5 மணி நேரம் கிடைக்கும்.

படியேறும் இடம் எதுவும் வேண்டாம். வாடகைக் கார் வைத்து நங்கநல்லூர் ஆஞ்சநேயரைப் பார்த்து வாருங்கள். ஒரே கல்லில் 32 அடி உயரம். நிலைவாசலுக்கு வெளியிலிருந்தே முகம் தெரியும், அம்மா முண்டியடிக்க வேண்டியதில்லை. கூட்டமில்லாத அமைதி வேண்டுமென்றால் மலைகளுக்கு நடுவே இருக்கும் திரிசூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கல் கட்டடம், உள்ளே வெயில் தெரியாது. இரண்டுமே நண்பகலில் நடை சாத்திவிடும், எனவே இறங்கியவுடன் புறப்படுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆசிரியர் நான். வெள்ளிக்கிழமை 7 மணி நேரம் இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் பார்க்க ஆசை.

ஐயா, முதலில் இந்திய விசா கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் குடியேற்றப் பரிசோதனையைத் தாண்டி வெளியே வர முடியாது. அடுத்தது, வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பயணத்தை ஒரு நாள் தள்ள முடிந்தால் தள்ளிவிடுங்கள் என்றே சொல்வேன். சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் கூடத்தில், திருவெண்காட்டு அர்த்தநாரி முன் நீங்கள் நிற்க வேண்டும். மெட்ரோவில் ஆலந்தூரில் மாறினால் எழும்பூருக்கு முக்கால் மணி நேரம்.

தள்ள முடியாவிட்டால் மின்சார ரயிலில் திரிசூலத்துக்கு அடுத்த நிறுத்தமான பல்லாவரத்துக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமைதான் அங்கே பெரிய சந்தை. செடி, பழைய மரச்சாமான், ரேடியோ, பாத்திரம் எல்லாம் தெருவோரம் பரப்பியிருக்கும். 1863இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்காலக் கைக்கோடரியை முதன்முதலாகக் கண்டெடுத்தது அதே பல்லாவரத்தில்தான். மாணவர்களுக்குச் சொல்லலாம்.

6 மணி நேரத்தில் மாமல்லபுரம்?

வேண்டாம். போக ஒன்றரை, வர ஒன்றரை, நடுவில் பதற்றம். பகலில் பத்து மணி நேரம் இருந்தால் போங்கள்.

இரவு 11 முதல் காலை 5 வரை காத்திருக்க வேண்டும்.

தம்பி, உள்ளேயே இருந்து தூங்குங்கள். மெட்ரோவும் அந்நேரம் நின்றுவிடும். காற்று வாங்க வெளியே வந்தால் திரும்ப நுழையக் காவலரிடம் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். என் அக்கா மகனுக்குக் கைபேசி அணைந்துபோய், டிக்கெட்டைக் காட்ட முடியாமல் வாசலில் இருபது நிமிடம் தவித்தான். ஒரு பிரதி அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரங்கநாதன் தெருவில் தங்கைக்குப் புடவை எடுக்க 4 மணி நேரம் போதுமா?

உள்நாட்டு விமானத்தில் வந்து உள்நாட்டு விமானத்தில் போகிறீர்கள், கையில் பெட்டி இல்லை என்றால் போதும். திரிசூலத்திலிருந்து மாம்பலம் ஆறாவது நிறுத்தம், ரயிலை விட்டு இறங்கினால் தெருவே வந்துவிடும். கடைகள் திறக்கும் பத்து மணிக்குப் போய், ஒரே கடையில் எடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் வேண்டாம். திரும்பும்போது தாம்பரம் பக்கம் போகும் ரயில், திரிசூலத்தில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள்.